பழைய தையல் மிஷினும் நமது பேரேடும்

துவரம் பருப்புக்கும் புளிக்கும் விலை எழுத வேண்டிய ஏட்டில் பழைய தையல் மிஷினுக்கு என்ன வேலை என்று வணிக அன்பர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. சில ஆண்டுகளாக நம் கடைத்தெருக்களில் ஒரு புது ரகத் தரகர் நடமாடி வருகிறார். மிளகாய் வற்றல் மாதிரி காட்ட வருபவர் அல்லர். சீட்டுக்கு ஆள் பிடிப்பவரும் அல்லர். கடை வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டு, "அண்ணாச்சி, இந்தத் தெருவிலே யார் வீட்டிலாவது பழைய சிங்கர் மிஷின் சும்மா கிடக்குதா?" என்று கேட்பார். யார் வீட்டுப் பரணில் என்ன கிடக்கிறது என்பது மளிகைக் கடைக்காரருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அவரும் அது தெரிந்துதான் நம்மிடம் வருகிறார்.

நம்மவர்களில் சிலர் வீட்டைக் காட்டிவிட்டு நூறோ இருநூறோ பெற்றுக்கொள்கிறார்கள். சிலர் தாங்களே வாங்கி வைத்துக் கைமாற்றுகிறார்கள். வேறு சிலர் கடன் பாக்கிக்காக மிஷினை எடுத்துக்கொண்டு பேரேட்டில் கணக்கை நேர் செய்துவிடுகிறார்கள். முதல் இரண்டும் வியாபாரம்; முறையாகச் செய்தால் குற்றமில்லை. மூன்றாவதைப் பற்றித்தான் நமக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. நாமும் அதைச் செய்தவர்களே. ஆகையால் வெளியே நின்று உபதேசம் செய்வதாக யாரும் எண்ண வேண்டாம்.

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்லிவிடுவோம். பழைய பொருள் வாணிபம் மட்டமான தொழில் என்று நினைப்பவர்கள் சென்னை மூர் மார்க்கெட்டைப் பார்க்காதவர்கள். 1985ஆம் ஆண்டு தீயில் அது அழியும் வரை, பழைய புத்தகம் முதல் கிராமபோன் வரை அங்கு பேரம் பேசி வாங்கியவர்களில் படித்தவர்களும் பணக்காரர்களும் இருந்தார்கள். இன்றும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த எனாமல் தூக்குகளையும் மரச்சாமான்களையும் தேடி வெளிநாட்டவர் வருகிறார்கள். பழைய மிஷினுக்கும் அப்படி ஒரு சந்தை ஏற்பட்டுவிட்டது. வாங்குவோர் மூன்று தரத்தார். உண்மையில் தைப்பதற்காகத் தேடும் தையற்காரர் ஒருவர். வரவேற்பறையில் வைப்பதற்கும், இரும்புக் காலை மட்டும் கழற்றி மேலே பளிங்குப் பலகை போட்டு ஓட்டல் மேசையாக்குவதற்கும் வாங்குபவர் இன்னொருவர். ஆல்செயின்ட்ஸ் என்ற இங்கிலாந்து ஆடைக்கடை நிறுவனம் தன் கடைகளின் கண்ணாடிச் சாளரங்களில் பழைய தையல் மிஷின்களை வரிசை வரிசையாக அடுக்கி வைத்து அலங்காரம் செய்ததை அயல்நாடு சென்று வந்த அன்பர்கள் பார்த்திருப்பார்கள். மூன்றாமவர் புதையல் தேடுபவர். அவரைப் பற்றிப் பிறகு.

நமது அனுதாபம் முதலாமவர் பக்கம். பழைய கறுப்பு மிஷின் வார்ப்பிரும்பால் ஆனது. உள்ளே எஃகுத் தண்டும் பற்சக்கரமும் தவிர வேறொன்றும் இல்லை. நேர்த்தையல் ஒன்றுதான் போடும். ஆனால் ஜாக்கெட் துணியும் தைக்கும், கோணிச் சாக்கின் வாயும் ஓரளவு தைக்கும். பிற்காலத்தில் வந்த பல மிஷின்களில் பிளாஸ்டிக் பற்சக்கரம் வைத்தார்கள். அது விரிசல் கண்டால் மிஷின் முடங்கிவிடும். கறுப்பு மிஷினுக்கு மாதம் இருமுறை சொட்டு எண்ணெய் விட்டால் பேரன் காலத்திலும் ஓடும்.

இந்தச் சிங்கர் கம்பெனியின் வியாபார வரலாறு நம்மைப் போன்றவர்கள் படிக்க வேண்டிய ஒன்று. ஐசக் மெரிட் சிங்கர் 1851இல் காப்புரிமை பெற்றார். ஆனால் மிஷினை விற்கத் தெரிந்தவர் அவருடைய கூட்டாளியான எட்வர்டு கிளார்க் என்னும் வழக்கறிஞர். நூறு டாலர் அளவில் விலையுள்ள ஒரு பொருளைச் சாதாரணக் குடும்பம் எப்படி ரொக்கம் கொடுத்து வாங்கும்? 1856இல் கிளார்க் தவணை முறையைக் கொண்டுவந்தார். கொஞ்சம் முன்பணம் கட்டி மிஷினை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அது சம்பாதித்துக் கொடுக்கும் பணத்திலேயே மீதித் தவணையைக் கட்டலாம். கடன் வாங்கியவரின் கையில் கருவி இருந்தால்தான் கடன் திரும்பும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. அன்பர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னால் தேவைப்படும். அதே காலத்தில் பழைய மிஷினைக் கொண்டுவந்தால் புதியதன் விலையில் கழிவு தரும் முறையையும் அவர் தொடங்கினார். அப்படி வந்த பழைய மிஷின்களைத் திரும்ப விற்காமல் உடைத்துப் போட்டார்களாம். பழைய மிஷின் சாகாது, அதுவே தனக்குப் போட்டி என்பது அவருக்கு அன்றே புரிந்திருக்கிறது.

இந்தியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் என். எம். பட்டேல் என்னும் பார்சி வணிகரின் பொறுப்பில் சிங்கர் வியாபாரம் பரவியது. இங்கு வந்த மிஷின்களில் மிகுதியானவை ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் என்ற ஊரில் கில்போவி ஆலையில் செய்யப்பட்டவை. அந்த ஆலை 1880களில் எழும்பி 1980இல் மூடப்பட்டது. ஆலை போய்விட்டாலும் அந்த ஊரில் ஒரு ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றே பெயர். 1930களில் கல்கத்தாவில் உஷா மிஷின் தோன்றியது. பிறகு லூதியானாவில் பற்பல பெயர்களில் தயாரானவை வந்தன. நம் தாய்மார்கள் சீதனமாகக் கொண்டுவந்தவை பெரும்பாலும் இந்தப் பிற்கால மிஷின்களே.

1924இல் ஜி. இராமச்சந்திரன் என்ற இளைஞர், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று காந்தியடிகளிடம் கேட்டார். பின்னாளில் மனைவி டாக்டர் சௌந்திரம் அம்மையாருடன் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர் அவர்தாம். அடிகள் தாம் விலக்கு அளிப்பதற்கு உதாரணமாகச் சிங்கர் தையல் இயந்திரத்தைச் சொன்னார். கையால் தைத்துச் சலித்த மனைவியின் சிரமம் பொறுக்காமல் கணவர் கண்டுபிடித்தது என்பது அவர் நம்பிக்கை. சிங்கரின் குடும்ப வாழ்க்கையைப் படித்தவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். அது வேறு விஷயம். மனிதரின் வேலையைப் பறிக்காமல் அவர் கைக்கு உதவும் கருவி என்ற அளவில் அடிகள் சொன்னது சரிதான்.

இனி, வாங்க விரும்பும் அன்பர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பது. நாம் ஏழெட்டு மிஷின் வாங்கி, அதில் மூன்றில் ஏமாந்து கற்றது இது.

தரகர் காட்டும் எந்த மிஷினுக்கும் வயது நூற்றைம்பது என்பார். நம்ப வேண்டாம். சிங்கர் மிஷினில் மேசைப்பாகத்தின் வலது பக்கம் எண் அடித்திருக்கும். எழுத்தே இல்லாமல் எண் மட்டும் இருந்தால் 1900க்கு முந்தியது. எண்ணுக்கு முன் ஒற்றை ஆங்கில எழுத்து இருந்தால் அதற்குப் பிந்தியது. 'இ' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் இரட்டை எழுத்து இருந்தால் 1935க்கோ அதற்குப் பின்னரோ கிளைடுபேங்கில் செய்தது. நம் பக்கம் கிடைப்பவற்றில் இந்த இரட்டை எழுத்துக்காரர்களே அதிகம் கண்ணில் படுகிறார்கள். மேலும், பழசு என்பதனாலேயே அபூர்வம் ஆகிவிடாது. 1913ஆம் ஆண்டில் கிளைடுபேங்க் ஆலையிலிருந்து மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மிஷின்கள் வெளியேறின. அபூர்வம் என்று சொல்லி விலை கேட்பவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் போதும்.

கறுப்புப் பூச்சு பளபளவென்று, பொன் நிறப் பூவேலை நேற்று ஒட்டியதுபோல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். உள்ளூர் வார்ப்புத் தலைக்குப் புதுச் சாயம் பூசி, சிங்கர் படம் ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். கை படும் இடத்தில் பூவேலை தேய்ந்து, ஊசியின் அடித் தகட்டில் கீறல் விழுந்து, எண் தெளிவாகப் பதிந்திருக்கும் அழுக்கு மிஷினே நல்ல மிஷின். பழைய வெல்லத்துக்கும் பாலிஷ் போட்ட பருப்புக்கும் நமக்கு வித்தியாசம் தெரியுமே. அதே கண்தான் வேண்டும்.

அடுத்து, சக்கரத்தைக் கையால் நம் பக்கமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றவில்லை என்றால் மிஷின் செத்துவிட்டது என்று விலையைக் குறைத்துக் கேட்பது வாங்குபவர் வழக்கம். பெரும்பாலும் அது சாவு அல்ல, மயக்கம். நம் வீடுகளில் மிஷினுக்குத் தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் விட்டுப் பழக்கம். அவை காய்ந்து பிசினாகி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்த் துளைகளில் மண்ணெண்ணெய் சொட்டுவிட்டு இரண்டு நாள் பொறுத்து, மெதுவாக அசைத்தால் பத்துக்கு ஆறு மிஷின் எழுந்துவிடும். சுத்தியால் தட்டியவர் கெட்டார். கழுவிய பிறகு மிஷின் எண்ணெயைத் தவிர வேறெதுவும் விடக்கூடாது.

பாபினும் பாபின் கேஸும் இருக்கின்றனவா என்று தகட்டை நகர்த்திப் பார்ப்பது அவசியம். வட்ட பாபின் போடும் பதினைந்தாம் நம்பர் ரகம் என்றால் கவலை இல்லை. உஷாவும் பிறவும் அந்த அமைப்பைப் பின்பற்றியதால் ஊசியும் பாபினும் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். படகு போன்ற நீள ஷட்டில் உள்ள ரகம் என்றால், ஷட்டில் உள்ளே இருந்தால்தான் வாங்கலாம். அதைவிடப் பழைய சில மிஷின்களுக்கு ஊசியே தனி அளவு. அவை கண்காட்சிக்கு ஆகும், கடைக்கு ஆகாது. துணியை நகர்த்தும் பல் தேய்ந்திருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பார்க்கலாம். இரும்பு ஸ்டாண்டில் வெடிப்பு இருந்தால் வேண்டாம். வார்ப்பிரும்பைப் பற்றவைப்பது எல்லாப் பட்டறைக்கும் வராது. தோல் பெல்ட் அறுந்திருப்பதோ மரப்பலகை உளுத்திருப்பதோ பொருட்டல்ல. கடைசியாக, கையோடு ஒரு முழம் காடாத் துணியும் நூலும் கொண்டுபோய் இருபது அங்குலம் தைத்துப் பார்த்துவிடுவது நல்லது. தராசில் நிறுத்துப் பார்க்காமல் மூட்டை எடுப்போமா?

பழைய இரும்புக் கடைக்காரர் மிஷினை எடை போட்டு வாங்குகிறார். தலை மட்டும் பன்னிரண்டு கிலோ அளவில் இருக்கும். ஓடும் மிஷினை இரும்பு விலைக்கு வாங்குவது விதை நெல்லைத் தவிட்டு விலைக்கு வாங்குவது போன்றது. விற்பவருக்கு விவரம் தெரியாது என்பதுதான் அங்கே இலாபம்.

புதையல்காரரைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னோம். 2009ஆம் ஆண்டு சவூதி அரேபியாவில் ஒரு வதந்தி கிளம்பியது. பழைய சிங்கர் மிஷின்களில் சிவப்புப் பாதரசம் என்ற அரிய பொருள் இருக்கிறதாம்; ஊசி அருகே கைபேசியைக் கொண்டுபோனால் தொடர்பு அறுந்தால் அதுவே அடையாளமாம். சில நூறு ரியாலுக்குக் கேட்பாரற்றுக் கிடந்த மிஷினுக்குப் பல்லாயிரம் ரியால் கொடுத்தார்கள். சிவப்புப் பாதரசம் என்று ஒரு பொருளே கிடையாது. ஊசி என்பது எஃகு. கடையில் விற்கும் எஃகு. ஆனால் அந்தக் கதை நாடு விட்டு நாடு வந்துவிட்டது. இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் செம்பு என்று நம் மாநிலத்தில் பணம் பறிகொடுத்தவர்களின் செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருகிறதே, அதே குடும்பத்தைச் சேர்ந்த கதை இது. உங்கள் கடைக்கு வந்து ஊசி அருகே கைபேசியைப் பிடிப்பவரைக் கண்டால் சரக்கும் காட்ட வேண்டாம், வீடும் காட்ட வேண்டாம். அவர் இன்று நம்பி வாங்குவார். நாளை ஏமாந்தோம் என்று நம் வாசலில்தான் வந்து நிற்பார்.

இப்போது நமது தவற்றுக்கு வருவோம்.

2012இல் நடந்தது. நம் கடைக்குப் பின் தெருவில் ஓர் அம்மாள் வீட்டிலேயே தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூடச் சீருடை. பதினான்கு ஆண்டுகள் நம் கடையில் பற்று வரவு. மாதம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்குக் குறையாமல் சாமான் எடுப்பார். ஐந்தாம் தேதிக்குள் கணக்கு முடித்துவிடுவார். அந்த வருஷம் வீட்டுக்காரர் படுத்துவிட்டார். மூன்று மாதம் பாக்கி நின்று 4,860 ரூபாய் ஆயிற்று. நாம் கடுமையாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கடைப்பையனிடம் சிட்டையை மட்டும் கொடுத்தனுப்பினோம், இரண்டு முறை. இரண்டாம் முறை அவரே வந்தார்.

"அண்ணாச்சி, மிஷினை எடுத்துக்கிட்டு கணக்கை நேர் பண்ணிக்கிடுங்க. என்னால வேற வழி பாக்க முடியல."

"அவசரம் இல்லம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் தள்ளுவண்டியில் மிஷின் வந்தது. பதினைந்தாம் நம்பர் ரகம்; எண்ணுக்கு முன் இரட்டை எழுத்து; ஸ்டாண்டு முழுசாக இருந்தது. பேரேட்டில் அந்த அம்மாள் பக்கத்தில் கோடு போட்டு 'நேர்' என்று எழுதினோம். ஓர் ஏழைக்குக் கடன் தீர வழி செய்தோம் என்ற திருப்திகூட இருந்தது. ஆறு வாரம் கழித்து ஒரு தரகர் அதை 7,500 ரூபாய்க்கு எடுத்துப் போனார். இலாபம் 2,640.

அதன் பிறகு அந்த அம்மாள் நம் கடைக்கு வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. தைக்க மிஷின் இல்லாததால் ஒரு பனியன் கம்பெனிக்கு விடிகாலை வேனில் வேலைக்குப் போனார். போகும் வழியில் இருந்த இன்னொரு கடையில் சாமான் வாங்கினார், ரொக்கத்துக்கு. நாம் வியாபாரிகள், கணக்குப் போட்டுப் பார்த்தோம். வருஷத்துக்கு 21,600 ரூபாய் வியாபாரம். நூற்றுக்கு ஆறு நின்றால் 1,296 ரூபாய். மிஷினில் கிடைத்த இலாபம் ஏறத்தாழ இரண்டே வருஷத்தில் கரைந்துவிட்டது. அதற்குப் பிந்திய வருஷங்கள் அத்தனையும் நட்டக் கணக்கு. அவர் கணக்கில் என்ன நட்டம் என்பதை நம் பேரேட்டில் எழுத இடமில்லை. தெருவில் எதிரே வந்தால் இன்றும் அவர் தலையசைத்துவிட்டுத்தான் போகிறார். நமக்குத்தான் முகம் திரும்பிக்கொள்கிறது.

கிளார்க்கின் தவணைக் கணக்கை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகவே. கடனாளியின் கையில் இருக்கும் கருவியைப் பறித்துவிட்டு எதைக் கொண்டு அவர் கடனை அடைப்பார்? இதைச் சட்டமும் அறிந்திருக்கிறது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவு, நீதிமன்றத் தீர்ப்பு பெற்ற கடனுக்காகக்கூடக் கைவினைஞரின் தொழிற்கருவிகளை ஜப்தி செய்யக்கூடாது என்கிறது. நீதிமன்ற அமீனா தொடக்கூடாத பொருளை மளிகைக் கடைச் சிட்டை தொடுகிறது. தானே மனமுவந்து கொடுத்தார் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். மூன்று மாத பாக்கியும் படுக்கையில் கணவரும் இருக்கும்போது மனமுவந்து கொடுப்பது எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியாததல்ல.

"நான் எடுக்காவிட்டால் கந்து வட்டிக்காரன் எடுப்பான், அதற்கு நான் எடுத்தால் நியாயமான விலையாவது கிடைக்கும்" என்று நம்மவர் ஒருவர் வாதிட்டார். இதில் பாதி உண்மை உண்டு. நம் கடையிலும் முதல் முடங்கிக் கிடக்கிறது. மொத்த வியாபாரி நமக்கு வாரக் கெடு வைத்திருக்கிறார். கடனைத் தள்ளிவிட்டுத் தர்மம் செய்ய நாம் மடம் நடத்தவில்லை. எல்லாம் சரி. ஆனால் மிஷினை எடுப்பது ஒன்றே வழி என்பதை நாம் ஏற்பதற்கில்லை. நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கிற்று. துணிப்பை வேண்டும் என்று நாம் வெளியூரிலிருந்து கட்டுக்கட்டாகத் தருவிக்கிறோம். அதே தெருவில் மிஷினோடு ஒருவர் நமக்குப் பாக்கி வைத்திருக்கிறார்! துணியை நாம் வாங்கிக் கொடுத்து, பைக்கு இவ்வளவு கூலி என்று பேசி, கூலியில் பாதியைப் பாக்கியில் வரவு வைத்து மீதியை ரொக்கமாகக் கொடுத்தால் இருவருக்கும் நட்டமில்லை. முழுக் கூலியையும் பாக்கியில் பிடிப்பது தவறு; அவர் அந்த வாரம் சாப்பிட வேண்டும், அதுவும் நம் கடையில்தான் வாங்குவார். 2012இல் பிளாஸ்டிக் பை மலிந்து கிடந்ததால் இது நமக்குத் தோன்றவில்லை என்று சமாதானம் சொல்லலாம். அரிசிப்பை, அப்பளப்பை, கோயில் நன்கொடைப்பை என்று அன்றும் தைக்க வேலை இருக்கத்தான் செய்தது.

பழைய மிஷின் வாங்கி விற்பதையே உபதொழிலாகக் கொள்ள விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். வாங்கும்போது விற்பவரின் பெயர், முகவரி, மிஷின் எண், கொடுத்த தொகை, கையொப்பம் இவை அடங்கிய சீட்டு இல்லாமல் தொடவே வேண்டாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கினாலோ, முன்பு 411ஆம் பிரிவு; 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 317ஆம் பிரிவு. எண்தான் மாறியிருக்கிறது, காவல் நிலையம் மாறவில்லை. மிஷினை ஈடாக வைத்துக்கொண்டு பணம் கொடுப்பதைத் தொழிலாகச் செய்தால் 1943ஆம் ஆண்டின் அடகு பிடிப்போர் சட்டப்படி உரிமம் வேண்டும். மளிகைக் கடை உரிமம் அதற்கு உதவாது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் பழைய பொருளை அப்படியே அல்லது சிறு பழுது பார்த்து விற்கும்போது, வாங்கியதற்கு உள்ளீட்டு வரி எடுக்காமல் இருந்தால், 32ஆம் விதியின் 5ஆம் உட்பிரிவுப்படி வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். இதைத் தெரியாமல் முழு விலைக்கும் வரி கட்டிய ஒருவரை நமக்குத் தெரியும். விவரத்தை உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளவும். அரசு ஏழைப் பெண்களுக்கு இலவசமாக வழங்கிய தையல் இயந்திரத்தை எவர் கொண்டுவந்தாலும் வாங்க வேண்டாம் என்பது நமது சொந்தக் கருத்து. அதற்குச் சட்டம் தேட வேண்டியதில்லை.

அடுத்த மகாசபைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியுள்ளோம். ஓடிக்கொண்டிருக்கும் தையல் மிஷினையோ, தராசையோ, இஸ்திரிப் பெட்டியையோ கடை பாக்கிக்காக நம் உறுப்பினர்கள் எடுப்பதில்லை. தரகருக்கு வீடு காட்டினால், தரகர் தரும் கமிஷனை வீட்டுக்காரரிடம் மறைப்பதில்லை. இவ்வளவுதான். எதிர்ப்பு இருக்கும் என்பது தெரியும். கடன் பாக்கி வசூலில் சங்கம் தலையிடுவதா என்று கேட்பவர்கள் தங்கள் காரணங்களை எழுதி அனுப்பினால் இந்த ஏட்டிலேயே வெளியிடுவோம்.

சென்ற மாதம் சோடா குடிக்க வந்த தரகர் நம்மிடமும் கேட்டார். எதிர்வீட்டில் ஒன்று இருப்பது நமக்குத் தெரியும். "இருங்க, அவங்களையே கூப்பிடுறோம், நீங்களே பேசிக்கிடுங்க" என்று சொல்லி அந்த வீட்டு அம்மாளை அழைத்தோம். தரகரின் முகம் அவ்வளவு நன்றாக இல்லை. அந்த அம்மாள் பதினோராயிரம் கேட்டார். தரகர் ஐயாயிரத்தில் தொடங்கி ஆறரையில் நின்றுவிட்டுப் போனார். நான்கு நாள் கழித்து மறுபடி வந்து பத்தாயிரத்து ஐந்நூறு என்றார். அதற்குள் அந்த அம்மாளுக்கு மனம் மாறிவிட்டது. மிஷினைக் கழுவி எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி, நமக்கு இருநூறு துணிப்பை தைத்துக் கொண்டிருக்கிறார். முதல் ஐம்பது வந்துவிட்டது. கைப்பிடித் தையல் மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம்.